‘என்ன, நேத்து காணோம்?’ என்று கேட்கிற வேலை

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 48 வயது. ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் 12 வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். 2022-இல் கனடாவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான பிஆர் கிடைத்து, டொராண்டோவில் உள்ள ஸ்கார்பரோ வந்தோம். கணவர் ஐடியில் இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் டவுன்டவுன் ஆபீஸ், வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். ஒரே மகன், செப்டம்பரில் வாட்டர்லூ யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டான். போன குளிர்காலத்தில் அவன் கூட இருக்கும்போதே எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. காலையில் எழவே பிடிக்காது, பத்து பத்தரை ஆகிவிடும். சாயந்திரம் நாலரைக்கு இருட்டிவிடுகிறது. அப்போது ஊரில் விடியற்காலை மூணு மணி, யாரைக் கூப்பிடுவது? லைட்டையெல்லாம் போட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பேன், சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். வீட்டிலிருந்தே செய்கிற டேட்டா என்ட்ரி வேலை நாலு மாதம் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. இந்த வருடம் குளிர் முற்றுவதற்குள் வெளியே போய், நாலு பேரோடு பேசி, உடம்பும் அசைகிற மாதிரி ஒரு பார்ட் டைம் வேலை வேண்டும். பணம் முக்கியம் இல்லை. இங்கிலீஷ் புரியும், பேசத்தான் தயக்கம். “டீச்சரா இருந்துட்டு கடையில நிக்கப் போறியா?” என்கிறார் கணவர். எந்த வேலைக்குப் போகலாம், எங்கே ஆரம்பிப்பது?

பதில்:

நாலரைக்கு இருட்டுகிறது, ஊரில் அப்போது மூணு மணி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மூன்று தடவை படித்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை தேடித் தர உதவுவதுதான் என் வேலை, 14 வருடமாகச் செய்கிறேன். குளிரைப் பற்றியும் பூட்ஸைப் பற்றியும் எல்லோரும் சொல்வார்கள், இந்த நேரக் கணக்கை இவ்வளவு சரியாகச் சொன்னவர்கள் குறைவு. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறோம், அன்றைக்கே ஊருக்கும் நமக்கும் உள்ள இடைவெளி ஒன்பதரை மணியிலிருந்து பத்தரை மணியாகிறது, சாயந்திர வெளிச்சத்திலும் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. டிசம்பர் இரண்டாவது வாரத்தில் டொராண்டோவில் 4:40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், மறுநாள் எழ ஏழே முக்கால் ஆகும். மொத்தமே ஒன்பது மணி நேரப் பகல்தான். அதில் நீங்கள் பத்தரைக்கு எழுந்தால் மிச்சம் ஆறு மணி நேரம். மார்கழியில்கூட பதினொரு மணி நேரத்துக்கு மேல் வெயில் பார்த்து வளர்ந்த உடம்பு அது, தடுமாறத்தான் செய்யும்.

வேலை விஷயத்துக்குப் போகும் முன் ஒன்று. காலையில் எழ முடியாமல் போவது, காரணமில்லாத அழுகை, இதோடு சோறும் இனிப்புமாகச் சாப்பிடத் தோன்றுவது, அதுவும் வருடா வருடம் இதே மாதங்களில் வந்து வசந்தத்தில் விலகிவிடுவது என்றால் அதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, பருவகால மனச்சோர்வு. 1984-இல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் இதை விவரித்து எழுதினார்கள். 10,000 லக்ஸ் வெளிச்சம் தருகிற விளக்கின் முன்னால் தினம் காலையில் அரை மணி நேரம் உட்காருவது இதற்குப் பழக்கத்தில் இருக்கிற சிகிச்சைகளில் ஒன்று. ஆனால் கண்ணில் பிரச்சினை இருந்தாலோ, வேறு மனநல மருந்து எடுத்துக்கொண்டாலோ டாக்டரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள். உங்கள் ஃபேமிலி டாக்டரிடம் இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போட்டு, எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். “கொஞ்சம் டயர்டா இருக்கு டாக்டர்” என்று சுருக்கிவிடாதீர்கள், நம் பெண்கள் அதைத்தான் செய்கிறோம். என்றைக்காவது உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால், 988 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம், மெசேஜும் அனுப்பலாம். வேலை உங்களுக்கு நிறையக் கொடுக்கும், ஆனால் அதை டாக்டருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

சரி, வேலை. எந்த வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது, அது எத்தனை மணிக்கு, அங்கே வருகிற முகங்கள் தினம் அதே முகங்களா என்ற இரண்டைத்தான்.

இது எனக்கு அனுபவத்தில் வந்த பாடம். வந்த புதிதில் ஓர் ஏஜென்சி மூலமாக பாக்கிங் வேலைக்குப் போனேன், இரவு ஷிப்ட். ஒரே ஹாலில் ஐம்பது அறுபது பேர் நிற்போம். மெஷின் சத்தத்துக்குக் காதில் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், அப்புறம் யார் என்ன பேசினாலும் கேட்காது. ஐந்து மாதத்தில் என் பக்கத்தில் நின்ற பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இடைவேளையில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம், காலை ஏழு மணிக்கு இருட்டில் பஸ் ஏறி, வெயில் வரும் நேரத்துக்குப் படுத்து, எழும்போது மறுபடி இருட்டியிருக்கும். கூட்டத்தில்தான் இருந்தேன், துணை என்று ஒருவரும் இல்லை. அடுத்த குளிர்காலம் வீட்டுப் பக்கத்தில் ஒரு காபி கடையில் காலை ஷிப்ட் கிடைத்தது. ஆறரை மணிக்கு ஒரு பெரியவர் வருவார், பழுப்பு நிறக் கம்பளித் தொப்பி, ஒரு சின்ன பிளாக் காபி, டோஸ்ட் செய்த ஒரு ரொட்டி. என்னிடம் வானிலை தவிர வேறு எதுவும் பேசியதில்லை. ஜனவரியில் ஒரு நாள் காய்ச்சலில் லீவு போட்டுவிட்டு மறுநாள் போனேன். காசை எண்ணி வைத்துக்கொண்டே, “நேற்று எங்கே, உன்னைக் காணவில்லையே?” என்றார். நான் அப்படியே பின்பக்கம் ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

ஊரில் இதை நாம் கவனித்ததே இல்லை. பால்காரர் கேட்பார், பூக்காரம்மா கேட்பார், பஸ் ஸ்டாப்பில் நிற்கிற யாரோ கேட்பார்கள், “என்ன டீச்சர், நேத்து காணோம்?” இங்கே வந்து உங்களுக்கு அறுந்துபோனது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். அதனால் எந்த வேலையைப் பார்த்தாலும் இதை வைத்து அளந்து பாருங்கள்: ஒரு நாள் நான் வராவிட்டால் இங்கே யாராவது கேட்பார்களா? பெரிய கடையில் கேஷியராக நின்றால் ஒரு ஷிப்டில் இருநூறு பேரைப் பார்ப்பீர்கள், இருநூறு பேரிடமும் “ஹாய், பை வேணுமா” என்று கேட்பீர்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் கால் வலிக்கும், மனசு அப்படியே இருக்கும். இருபது பிள்ளைகளைத் தினம் பார்க்கிற வேலை வேறு.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்கூல் முடிந்த பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆஃப்டர் ஸ்கூல் புரோகிராம். நம் ஒன்டாரியோ மாகாணத்தில் நிறைய ஆரம்பப் பள்ளிகளில் ஸ்கூல் கட்டடத்துக்குள்ளேயே இது நடக்கும், காலையில் ஏழு ஏழரையிலிருந்து மணி அடிக்கும் வரை, சாயந்திரம் மூன்றரையிலிருந்து ஆறு வரை. பெரும்பாலும் ஸ்கூலே நடத்தாது, லைசென்ஸ் வாங்கிய குழந்தைகள் காப்பக அமைப்புகள் நடத்தும். உங்களுக்கு மனசு கனக்கிற அந்த நாலரை மணிக்கு நீங்கள் ஒரு ஜிம்மில் பந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். காலை ஷிப்டும் சேர்ந்தால் ஆறு மணிக்கே எழுந்தாக வேண்டும், எழுந்து வெளியே நடந்தாலே பாதிப் பிரச்சினைக்குக் கை வைத்த மாதிரி.

இதில் இன்னொரு வசதி, ஆள் எப்போதும் தேவைப்படும். பாலர் வகுப்பு வயதுப் பிள்ளைகள் என்றால் 13 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் வயது என்றால் 15 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒருவருக்குச் சளி பிடித்தாலும் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்தியே ஆக வேண்டும், குளிர்காலத்தில் யாருக்காவது சளி பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் “சப்ளை” என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், கூப்பிட்டால் வருகிறவர்கள். அதில் பெயர் கொடுத்து நுழைவதுதான் எளிது. ஆனால் சப்ளையாகவே இருந்தால் இன்றைக்கு ஒரு ஸ்கூல், நாளைக்கு ஒரு ஸ்கூல் என்று அலைய வேண்டியிருக்கும், முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதம் கழித்து, “எனக்கு ஒரே இடம் வேண்டும், மணி குறைந்தாலும் பரவாயில்லை” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு இங்கே யாரும் தாமாகக் கொடுப்பதில்லை.

என்ன தேவை? இங்கே குழந்தைகள் கல்வி படித்து பதிவு செய்தவர்கள் தனி, அவர்களுக்கு உதவியாளராகப் போக அந்தப் படிப்பு வேண்டாம். சிபிஆர், அதாவது இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றுகிற பயிற்சி சேர்த்த ஃபர்ஸ்ட் எய்ட் சர்ட்டிஃபிகேட் வேண்டும், வார இறுதியில் இரண்டு நாளில் முடித்துவிடலாம். அப்புறம் போலீஸ் செக், அதிலும் குழந்தைகள், வயதானவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கான ‘வல்னரபிள் செக்டர்’ என்ற வகை. இதை நீங்களாக முன்கூட்டி எடுத்து வைக்க முடியாது, வேலை கொடுக்கிற இடம் பாரம் கொடுத்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும், வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் சொல்கிறேன், டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிப்ரவரி ஆகிவிடும், அதற்குள் நீங்கள் சோபாவில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி சொல்கிறேன். மணி மூன்றே முக்கால், நீங்களும் இன்னொருவருமாக இருபது பிள்ளைகளை வெளியே மைதானத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். நாலு வயது, ஐந்து வயது. ஒவ்வொருவரும் முதலில் ஸ்னோபேண்ட் போட வேண்டும், அப்புறம் பூட்ஸ், அப்புறம் ஜாக்கெட், அப்புறம் தொப்பி, கடைசியில்தான் கையுறை. எந்தப் பிள்ளையாவது அவசரத்தில் கையுறையை முதலில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கும், அந்தக் கையால் ஜிப்பைப் பிடிக்கவும் முடியாது, பூட்ஸை இழுக்கவும் முடியாது, உங்களைப் பார்த்து முகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டும். நீங்கள் முட்டி போட்டு உட்கார்ந்து கையுறையைக் கழற்றி, பூட்ஸுக்குள் காலை நுழைத்து, தாடை மாட்டிக்கொள்ளாமல் ஜிப்பை மேலே இழுத்து, மறுபடி கையுறை போட்டுவிட வேண்டும். இப்படி இருபது. முடிவதற்குள் ஒன்று பாத்ரூம் போகணும் என்று சொல்லும், எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். இதற்கு இலக்கணமான இங்கிலீஷ் தேவையே இல்லை அம்மா. 12 வருடம் மூன்றாம் வகுப்பைக் கட்டி மேய்த்த கை போதும். “பேசத் தயக்கம்” என்று எழுதியிருக்கிறீர்கள், ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் பேசிப் பழகுவது போல ஒரு நல்ல வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நீங்கள் தப்பாகச் சொன்னால் சிரிக்காமல் திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். ஆறு மணிக்கு அப்பா அம்மாக்கள் இருட்டில் ஒவ்வொருவராக வந்து கூட்டிப்போவார்கள், அவர்களோடும் இரண்டு வார்த்தை பேசுவீர்கள், இரண்டு மாதத்தில் எல்லோர் பெயரும் தெரிந்துவிடும்.

இது கிடைக்க நாளானால், உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற ஸ்கூலில் லஞ்ச்ரூம் சூப்பர்வைசர் வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, தினம் ஒரு மணி நேரம் போலத்தான். ஒரு மணி நேர வேலைக்கு பஸ் பிடித்துப் போவது கட்டுப்படியாகாது, அதனால் பக்கத்து ஸ்கூல் என்றால் மட்டும். ஆனால் நடுப்பகலில், வெளிச்சம் உச்சியில் இருக்கும்போது, நடந்து போய் நடந்து வருகிற வேலை அது. அந்த ஆபீஸில் உங்கள் முகம் தெரிந்துவிட்டால் அடுத்த வேலைக்கான கதவும் அங்கேதான் இருக்கும். ரோட்டில் ஸ்டாப் பலகை பிடித்துப் பிள்ளைகளைக் கடத்திவிடுகிற கிராசிங் கார்டு வேலையும் இதே மாதிரிதான், ஆனால் மைனஸ் பதினைந்திலும் வெளியே நிற்க வேண்டும். முதல் வருடம் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகள் வேண்டாம், பெரியவர்கள் பரவாயில்லை என்றால், வயதானவர்கள் இருக்கிற ரிட்டயர்மென்ட் ஹோம்களில் சாப்பாட்டு ஹாலில் பரிமாறுகிற வேலை. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை, எனக்கு மிகவும் பிடித்த வேலை. சமையல் கிடையாது, நோயாளியைத் தூக்கிவிடுவது கிடையாது, அதற்கு வேறு பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள். காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, தட்டு வைப்பது, எடுப்பது, யாருக்குச் சர்க்கரை இல்லாமல், யாருக்கு மசித்து என்று நினைவில் வைத்துக்கொள்வது. அங்கே இருக்கிறவர்களும் குளிர்காலம் முழுக்க வெளியே போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான், உங்களை வாசலிலேயே எதிர்பார்ப்பார்கள். ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் மூன்று மேஜையில் கேட்பார்கள். ஃபுட் ஹேண்ட்லர் சர்ட்டிஃபிகேட் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் படிப்பும் பரீட்சையும்தான், ஐந்து வருடம் செல்லும், காபி கடைக்கும் உதவும்.

காபி கடை பற்றிக் கணவர் என்ன சொன்னாலும் சரி, அதையும் தள்ளிவிடாதீர்கள். ஆனால் நேரத்தைப் பார்த்து எடுங்கள். உங்களிடம் ஒரு சொத்து இருக்கிறது, உங்களுக்கே தெரியவில்லை: திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் உங்களால் வர முடியும். பார்ட் டைம் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஸ்கூல், காலேஜ் பிள்ளைகள், அவர்களால் சாயந்திரமும் சனி ஞாயிறும்தான் முடியும். வார நாட்களின் காலைக்கு மேனேஜர்கள் ஆள் தேடி அலைவார்கள். ரெஸ்யூமேயில் உங்கள் பெயருக்குக் கீழேயே, எந்தெந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வர முடியும் என்று எழுதிவிடுங்கள். காலையில் வருகிற வாடிக்கையாளர்கள்தான் தினம் வருகிற அதே வாடிக்கையாளர்கள், அந்தப் பெரியவரை நான் சந்தித்ததும் அப்படித்தான்.

வேண்டாம் என்று சொல்கிறவையும் இருக்கின்றன. இரவு ஷிப்ட் வேர்ஹவுஸ், வீட்டிலிருந்தே செய்கிற எதுவும், காரில் தனியாகப் போய்ச் சாப்பாடு டெலிவரி செய்வது, இவை மூன்றும் உங்களுக்கு இந்த வருடம் வேண்டாம். மால் கடைகளில் கிறிஸ்துமஸுக்கு ஆள் எடுப்பார்கள், அக்டோபர் நவம்பரில் சுலபமாகக் கிடைக்கும், ஆசையாக இருக்கும். ஆனால் அவர்களுக்குக் கூட்டம் முடிகிற ஜனவரி முதல் வாரத்தில் உங்கள் மணியைக் குறைத்துவிடுவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். இங்கே குளிர்காலத்தின் கஷ்டமான பகுதி ஆரம்பிப்பதே அப்போதுதான், பண்டிகை விளக்கெல்லாம் கழற்றியாகிவிடும், குளிர் மட்டும் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் வேலையும் போனால் முன்பிருந்ததைவிட மோசமாக உணர்வீர்கள், இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். எடுத்தால், ஜனவரிக்குப் பிறகும் வாரத்துக்கு எத்தனை மணி என்று சேரும்போதே கேட்டு எடுங்கள்.

அப்புறம் நம் ஆட்கள் கடை. மார்க்கம் ரோடு, லாரன்ஸ் பக்கம் போனால் தமிழிலேயே பேசி வேலை பார்க்கலாம், அதன் ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மளிகைக் கடையில் கருவேப்பிலைக் கட்டு எடுக்க வருகிற அம்மாவோடு பத்து நிமிஷம் பேசினாலே அன்றைய நாள் வேறு மாதிரி ஆகிவிடும். நல்ல முதலாளிகள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் சில இடங்களில் “கேஷ்ல தரேன், மணிக்குப் பத்து டாலர்” என்பார்கள், “முதல் வாரம் ட்ரெயினிங், சம்பளம் இல்லை” என்பார்கள். இரண்டுமே சட்டப்படி தப்பு. ஒன்டாரியோவில் 2025 அக்டோபர் 1-இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17 டாலர் 60 சென்ட், கையில் காசாகக் கொடுத்தாலும் அதேதான். முதலாளி கட்டாயப்படுத்துகிற ட்ரெயினிங்கும் வேலை நேரம்தான். வேலை வாங்கித் தருகிறேன் என்று உங்களிடமே பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பேசத் தயங்குகிறவர்களைத்தான் இப்படி ஏமாற்றப் பார்க்கிறார்கள், எனக்கு இதில் பொறுமையே கிடையாது.

பணம் முக்கியம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்டர்வியூவில் சொல்லாதீர்கள், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். வாரம் 15 மணி நேரம் என்றால் 264 டாலர், அதோடு 4 சதவீதம் விடுமுறைச் சம்பளம். மகனைப் பார்க்க வாட்டர்லூவுக்கு நீங்களே டிக்கெட் எடுத்துப் போகலாம். அதைவிட முக்கியம், சம்பளம் வாங்குகிற வேலை என்றால் மைனஸ் இருபதிலும் கிளம்பிப் போவீர்கள். சும்மா உதவிக்குப் போகிற இடம் என்றால் முதல் பனிப்பொழிவில் “இன்னைக்கு வரலை” என்று மெசேஜ் அனுப்பத் தோன்றும். ஒரு சின்னக் கணக்கு மட்டும்: உங்களுக்கு வருமானம் இல்லை என்று கணவர் வரித் தாக்கலில் ஒரு கழிவு வாங்கிக்கொண்டிருப்பார், உங்கள் சம்பளத்துக்கு ஏற்ப அது குறையும். ஏப்ரலில் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் சண்டை வர வேண்டாம், இப்போதே சொல்லி வையுங்கள்.

“டீச்சரா இருந்துட்டு” என்ற கேள்விக்கு. கணவர் உங்களைக் குறைத்துப் பேசவில்லை என்றே நினைக்கிறேன், ஈரோட்டில் உங்களுக்கு இருந்த மரியாதையை அவர் மனசில் பத்திரமாக வைத்திருக்கிறார், அது இங்கே உடைந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறார். ஆனால் ஏழு மணிக்கு அவர் வீட்டுக்கு வரும்போது நீங்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை அவரிடம் முழுசாகச் சொன்னீர்களா? அழுகையைப் பற்றிச் சொன்னீர்களா? அவர் வருகிற சத்தம் கேட்டதும் முகம் கழுவிக்கொண்டு தோசைக்கல்லை வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். சாதம் பிசைகிற நேரத்தில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில், போனைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு.

இங்கிலீஷுக்குத் தனியாக ஒரு வழி: பிஆர் வைத்திருப்பவர்களுக்கு அரசாங்கப் பணத்தில் நடக்கிற, லிங்க் என்ற இங்கிலீஷ் வகுப்புகள் இலவசம். பொது நூலகங்களிலும் உட்கார்ந்து பேசிப் பழகுகிற வட்டங்கள் நடக்கும், அதற்கும் காசில்லை. வேலை இல்லாத சாயந்திரங்களில் ஒன்றிரண்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூவுக்கு மூன்று பதில் மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும்: நான் யார், பிள்ளைகளோடு என்ன செய்திருக்கிறேன், எந்த நேரம் வர முடியும். ரெஸ்யூமே ஒரே பக்கம். ஈரோட்டு ஸ்கூலை மறைக்காதீர்கள், மேலேயே போடுங்கள், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகளை வைத்திருந்தீர்கள் என்ற எண்ணோடு. இங்கே உள்ளவர்கள் அந்த எண்ணைப் பார்த்து வாயடைத்துப் போவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கனடா அனுபவம் இல்லையே என்று பயப்பட வேண்டாம், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்கள் தங்கள் விளம்பரத்தில் அதை ஒரு தகுதியாகக் கேட்கக் கூடாது என்று ஒன்டாரியோ சட்டம் போட்டு, 2026 ஜனவரி 1 முதல் அது நடைமுறை. ரெஸ்யூமே எழுத உதவி வேண்டுமென்றால் எம்ப்ளாய்மென்ட் ஒன்டாரியோ என்ற மாகாண அரசின் வேலை உதவி அலுவலகங்களில் இலவசமாகச் செய்து தருவார்கள், 211-க்குப் போன் செய்தால் உங்கள் பக்கத்தில் எது என்று சொல்வார்கள்.

உடம்பைப் பற்றி ஒன்றிரண்டு. வீட்டில் உட்கார்ந்தே பழகிய முட்டிக்கு முதல் இரண்டு வாரம் வலிக்கும், அதை வைத்து வேலையை விட்டுவிடாதீர்கள். வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ ஒன்றை வேலைக்கென்று தனியாக வாங்கிப் பையில் வையுங்கள், வெளியே போட்டு வந்த பூட்ஸோடு நாள் முழுக்க நிற்காதீர்கள், கால் வெந்துவிடும். பனி உறைந்த நடைபாதையில் ஊரில் நடக்கிற மாதிரி வீசி நடக்கக் கூடாது, சின்னச் சின்ன அடியாக, பாதத்தை முழுசாக வைத்து. பஸ் என்றால் ஒரே பஸ்ஸில் போகிற இடமாகப் பாருங்கள். இரண்டு பஸ் மாற வேண்டிய வேலை செப்டம்பரில் சுலபமாகத் தெரியும், பிப்ரவரியில் அந்த இரண்டாவது ஸ்டாப்பில் நிற்கும் இருபது நிமிஷத்தில்தான் பலர் வேலையை விடுகிறார்கள்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் கேட்டிருந்தீர்கள். நாளைக்கு ஃபர்ஸ்ட் எய்ட் வகுப்புக்குப் பதிவு செய்யுங்கள். திங்கள்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, சாப்பாட்டு நேரக் களேபரம் அடங்கின பிறகு, உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு பிரதி ரெஸ்யூமேயோடு நடந்து போங்கள். ஒன்று ஸ்கூல் ஆபீஸுக்கு, ஒன்று அங்கே ஆஃப்டர் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கு, அவர்கள் யார் என்று ஆபீஸிலேயே சொல்வார்கள். முன்கதவு பூட்டியிருக்கும், இங்கே எல்லா ஸ்கூலிலும் அப்படித்தான், மூடிவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்திவிட்டு, உங்கள் பெயரையும் ரெஸ்யூமே கொடுக்க வந்திருப்பதையும் சொல்லுங்கள், திறப்பார்கள்.